முதலிடம் கடல்காரிக்கு

உலகத்திலேயே பெரிய எழுத்தாளர் யார் என்று கேட்டால் படித்தவர்கள் ஆளுக்கொரு பதில் சொல்வார்கள். மேடை போட்டுச் சண்டையும் போடுவார்கள். பிரிப்பக்காவிடம் கேட்டால் சண்டைக்கே இடமில்லை. "இருங்க, எண்ணிப் பார்த்துச் சொல்றேன்" என்பாள். அவள் எண்ணுவது பக்கங்களை அல்ல, தப்புத் தையல்களை.

பள்ளிச் சீருடை தைக்கும் கூடம் அது. தகரக் கூரை, இரண்டு வரிசையில் இருபத்தாறு மெஷின்கள், கடைசியில் ஜன்னலை ஒட்டி ஒரு மேஜை. கோணலாகப் போன காலர், இடம் வலம் மாறிய கை, வாயைச் சேர்த்துத் தைத்துவிட்ட பாக்கெட் என்று எது தப்பாகிப்போனாலும் அந்த மேஜைக்குத்தான் வந்து சேரும். பிரிப்பக்கா ஒரு சின்னக் கத்தியால் தையலைப் பிரித்து, நூலைப் பிடுங்கி, துணிக்கு வலிக்காமல் திருப்பி அனுப்புவாள். இருபத்திரண்டு வருஷமாக இதே வேலை. அவளுடைய சொந்தப் பெயர் சம்பளப் பதிவேட்டில் பத்திரமாக இருக்கிறது. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவளே திரும்பிப் பார்க்க மாட்டாள்.

அதற்கு முன்பு மூன்று வருஷம் அவளும் மெஷினில் உட்கார்ந்தவள்தான். ஒரு மத்தியானம் சாப்பிட்ட மயக்கத்தில் கண் சொக்க, ஊசி அவளுடைய ஆள்காட்டி விரலில் இறங்கிவிட்டது. அந்த மாதத்தில் கூடத்தில் ஊசி ஏறிய மூன்றாவது விரல் அது. முதலாளி தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். தூக்கத்தை விரட்ட ஆளாளுக்கு ஒரு யோசனை சொன்னார்கள். முகம் கழுவச் சொன்னார்கள், டீ கொடுக்கச் சொன்னார்கள். பட்டன் துளைக்குக் காஜா எடுக்கிறவர் மட்டும் ஒன்றும் சொல்லாமல், மறுநாள் ஒரு கொலைக் கதைப் புத்தகத்தைக் கொண்டுவந்து, ஆட்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடும் மைக்கில் வாசித்தார். அன்றைக்கு ஒருவரும் கொட்டாவி விடவில்லை.

அன்றிலிருந்து இரண்டு மணி முதல் மூன்று மணி வரை வாசிப்பு நேரம். காஜாக்காரர் வாசிப்பார். அவர் வேலையை மற்றவர்கள் பங்கு போட்டு முடித்துக் கொடுப்பார்கள். முதலாளியும் வாயைத் திறக்கவில்லை. விரல்கள் தப்பித்தன, துணிதான் மாட்டிக்கொண்டது.

கதை சூடு பிடித்தால் தையல் தடம் மாறும். மாறியதெல்லாம் மூன்று மணிக்கு மேல் பிரிப்பக்காவின் மேஜையில் வந்து குவியும். ஒரு வருஷம் பிரித்துப் பிரித்து அவளுக்கு ஒரு ஞானம் வந்துவிட்டது. சிரிக்கச் சிரிக்கத் தைத்தது நெளிந்து நெளிந்து போகும். பயந்துகொண்டே தைத்ததில் தையல் நெருக்கியடித்துக்கொண்டு, ஒரே இடத்தில் இரண்டு தடவை ஓடியிருக்கும். அழுதுகொண்டு தைத்தது நூல் பிடித்த மாதிரி நேராக இருக்கும், ஆனால் இருக்க வேண்டிய இடத்தில் இருக்காது. காலரைக் கொண்டுபோய்க் கையில் வைத்திருப்பார்கள். விடுப்பு எடுத்துவிட்டு வந்தால்கூட, முந்தின நாள் என்ன மாதிரிக் கதை ஓடியது என்று துணியைப் பார்த்தே சொல்லிவிடுவாள்.

ஆகவே ஒரு அட்டையில் சாக்பீஸால் பட்டியல் போட்டு ஜன்னலுக்குப் பக்கத்தில் மாட்டினாள். யார் எழுதினது அதிகத் தப்பு செய்ய வைக்கிறதோ அவரே பெரிய எழுத்தாளர். பழையவர், புதியவர், கதை, கவிதை, கட்டுரை எல்லோருக்கும் ஒரே தராசு. எழுத்தாளர்களின் நிஜப் பெயரெல்லாம் கூடத்தில் யாருக்கும் நிற்காது. தங்களுக்கு வைத்ததுபோல அவர்களுக்கும் பட்டப்பெயர் வைத்துவிட்டார்கள். பெயருக்கு எதிரே ஒரே நாளில் எத்தனை தப்பு என்ற கணக்கு. கடல்காரி பதினாலு. கொலைக்காரர் பன்னிரண்டு. சிரிப்பாண்டி பதினொன்று. ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் பாட்டெழுதிய கிழவர் ஏழு. (முதல் நாள் அவர் பாட்டின் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. புரிந்த நாளில் ஏழு பாக்கெட்டுகள் வாய் மூடிக்கொண்டன.) வயிற்றைப் பற்றி எழுதின டாக்டர் நாலு. எல்லோருக்கும் அடியில், வாழ்க்கையில் முன்னேறுவது எப்படி என்று பதினோரு பாகம் எழுதிய அறிவுரையார். அவர் கணக்கு பூஜ்யம்.

"உன் பட்டியல்ல எனக்கு ஏதாவது இடம் உண்டா?" என்று வீட்டுக்காரர் ஒருநாள் கேட்டார். லாரி ஓட்டுகிறவர், வாரத்தில் நாலு நாள் வீட்டில் இருக்க மாட்டார்.

"நீங்க பேசினா யாருக்கும் தையல் தப்பாது. தூக்கம்தான் வரும்" என்றாள்.

விளையாட்டாகத் தெரியலாம். அவளுக்கு அது விளையாட்டில்லை. கருநீலத் துணியில் கருநீல நூலைத் தேடித் தேடி அவள் கண் பழுதாகிப்போயிருந்தது. கண்ணாடி மாற்றியும் பிரயோசனமில்லை. சாயங்காலம் புத்தகத்தைத் திறந்தால் எழுத்துகள் எறும்புபோல ஊரும், பத்து வரியில் தலை வலிக்கும். மற்றவர்கள் புத்தகத்தை வீட்டுக்கு எடுத்துப்போய்ப் படித்துக்கொள்ளலாம். அவளுக்கு வாழ்நாளில் கிடைத்த புத்தகம் எல்லாம் அந்த ஒரு மணி நேரத்தில் காது வழியாக வந்தவைதான்.

இந்த நிலையில்தான் தலைமை அலுவலகத்திலிருந்து புது மேற்பார்வையாளர் வந்தார். முப்பது வயதுகூட இருக்காது. எதையும் எழுதிவைக்கும் நோட்டு ஒன்று கையிலேயே இருக்கும். மேடம் வந்த அன்று, காலையிலேயே கூடத்தை ஒரு சுற்று சுற்றினார். அட்டைக்கு முன்னால் நின்று நிதானமாகப் படித்தார். பிறகு நேராக மைக்குக்குப் போனார்.

"கடல்காரி யாரு? முன்னாடி வாங்க."

கூடத்தில் ஒரு மெஷின்கூட ஓடவில்லை.

"ஒரு நாளைக்குப் பதினாலு தப்பு. இப்படி ஒருத்தரை இத்தனை நாள் வேலைல வச்சிருந்ததே ஆச்சரியம். கொலைக்காரர்னு ஒருத்தர், அவருக்குக் கடைசி எச்சரிக்கை. அந்தக் கிழவருக்கு வயசாச்சுன்னா வீட்டுக்கு அனுப்பிடலாம். அறிவுரையார் யாரோ, அவரைப் பார்த்து மத்தவங்க கத்துக்கணும்."

சிரிப்பை அடக்க முடியாமல் காஜாக்காரர் மெஷினுக்கு அடியில் எதையோ தேடுவதுபோலக் குனிந்துகொண்டார். பிரிப்பக்கா மட்டும் எழுந்து போனாள்.

"கடல்காரி செத்துப்போய் நூறு வருஷம் ஆச்சு மேடம்" என்றாள்.

விஷயத்தை விளக்க விளக்க மேடத்தின் முகம் மாறியது. சிரிப்பார் என்று எதிர்பார்த்தவர்கள் ஏமாந்தார்கள். குட்டு வெளிப்பட்டதே அப்போதுதான். தப்புக்கெல்லாம் காரணம் வாசிப்பு என்று பிரிப்பக்காவே தன் வாயால் சொல்லிக்கொடுத்துவிட்டாள்.

"நாளைக்கு ரெண்டு மணிக்கு நான் வந்து பார்க்கிறேன்" என்றார் மேடம். "அஞ்சு தப்புக்கு மேல போச்சுன்னா அதோட வாசிப்பு கிடையாது."

பிரிப்பக்காவுக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. கடல்காரியின் நாவலில் கடைசி அத்தியாயம் மட்டும் பாக்கி இருந்தது. காணாமல்போன தம்பியைத் தேடி ஒரு பெண் தனியாகப் படகில் போகிறாள். தம்பியின் படகு தூரத்தில் தெரிகிற இடத்தில் மணி மூன்றாகிவிட்டது. முடிவு காஜாக்காரருக்குக்கூடத் தெரியாது. முன்கூட்டிப் படிக்கக் கூடாது என்பது கூடத்தின் சட்டம்.

ராத்திரியெல்லாம் யோசித்து, காலையில் அவள் ஒரு திருட்டு வேலை செய்தாள். "இன்னைக்குக் கடல்காரி வேண்டாம். அறிவுரையாரை எடுங்க" என்று காஜாக்காரரிடம் சொன்னாள். மேடம் கண்கொத்திப் பாம்பாகப் பார்த்துக்கொண்டிருக்க, காலையில் எழுவதன் நன்மைகளை அறிவுரையார் ஒரு மணி நேரம் விளக்கினார். தப்பு ஒன்றே ஒன்று, அதுவும் ஊசி மழுங்கியதால் வந்தது.

மேடம் நோட்டில் எழுதிக்கொண்டார். "நல்லது. வாசிப்பு தொடரட்டும். ஆனா இனிமே இவர் புத்தகம் மட்டும்தான்."

பதினோரு பாகம். அக்காவின் முகத்தில் ஈயாடவில்லை.

மூன்று நாள் அறிவுரையார் ஓடினார். கொட்டாவிகள் திரும்ப வந்தன. மெஷின்காரர்கள் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்துக்கொண்டார்கள். அக்காவால்தான் முடியவில்லை. அந்தப் பெண் நடுக்கடலில் துடுப்பைப் பிடித்தபடி அப்படியே நிற்கிறாள், அவளை அங்கே நிறுத்திவைத்தது தான்தான் என்று அக்காவுக்கு மனசு அடித்துக்கொண்டது. பெரிய எழுத்தாளர் யார் என்று ஊருக்கே தீர்ப்புச் சொன்ன வாயால், உப்புச் சப்பில்லாத ஒன்றை வாசிக்கச் சொல்லிவிட்டோமே என்ற வெட்கம் வேறு. நாலாவது நாள் காலையில் மேடத்தின் அறைக் கதவைத் தட்டினாள்.

"உங்களை ஏமாத்திட்டேன் மேடம். தப்பு வரக் கூடாதுன்னுதான் அந்தப் புத்தகத்தை எடுக்கச் சொன்னேன்."

மேடம் பேனாவைக் கீழே வைத்தார். "இதைச் சொல்லாமலே இருந்திருக்கலாமே."

"இருந்திருக்கலாம். ஆனா கடல்காரியோட கடைசி அத்தியாயம் பாக்கி இருக்கு."

"அதுக்காகவா வந்தீங்க?"

"ஆமா மேடம். தப்பு வரும், இல்லேன்னு சொல்லல. அதைப் பிரிக்கத்தானே நான் இருக்கேன். இந்த இருபத்திரண்டு வருஷத்துல என் மேஜைக்கு வந்த ஒரு துணியும் வீணாப் போனதில்ல. துணிப் பதிவேட்டைப் பாருங்க."

மேடம் சும்மா விடுகிற ஆளா. பதிவேட்டை வரவழைத்து, உட்கார்ந்து புரட்டினார். அக்கா நின்றுகொண்டே இருந்தாள். கால் மணி நேரம் கழித்துத்தான் தலை நிமிர்ந்தார்.

"இன்னைக்கு ஒரு நாள். நான் உங்க மேஜை பக்கத்துலயே உட்காருவேன். பிரிச்சுச் சரி பண்ற தப்பு எத்தனை வந்தாலும் பரவாயில்ல. ஒரு துணி வீணானாலும் மைக்கைக் கழட்டிடுவேன்."

இரண்டு மணிக்குக் காஜாக்காரர் தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தார். அந்தப் பெண் தம்பியின் படகை எட்டிப் பிடிக்கிறாள். படகில் ஆள் இல்லை. அவனுடைய சட்டை மட்டும் மடித்து வைத்தபடி இருக்கிறது. கூடத்தில் மெஷின்கள் ஒவ்வொன்றாகத் தடுமாறுவது அக்காவின் காதில் விழுந்தது. மணி மூன்றாகும்வரை காத்திருக்காமல் ஒன்பது பேர் தையல் தப்பிவிட்டதென்று கை தூக்கிவிட்டார்கள். தப்புகள் மேஜைக்கு வந்தன. அக்கா பிரிக்க ஆரம்பித்தாள். பிரித்தால் சரியாகிவிடும் தப்புகள்தான், எல்லாம் நேரான தையல், எல்லாம் தப்பான இடம்.

வெறும் படகை இழுத்துக்கொண்டு அந்தப் பெண் கரைக்குத் திரும்புகிறாள். கரையில் ஒருவன் இன்னொரு படகைத் தண்ணீரில் தள்ளிக்கொண்டிருக்கிறான். நீந்திக் கரையேறி வந்த தம்பி, தன்னைத் தேடிப் போன அக்காளைத் தேடப் புறப்படுகிறான்.

அடுத்த வரிக்குக் காஜாக்காரர் மூச்சு வாங்கிய அந்த இடைவெளியில் சர்ரென்று ஒரு சத்தம் கேட்டது. பிரிப்பக்காவின் கத்தி தையலை விட்டு விலகி, சட்டையின் முதுகில் ஒரு சாண் நீளத்துக்கு இறங்கியிருந்தது.

அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். இருபத்திரண்டு வருஷத்தில் முதல் துணி. இருபத்தாறு மெஷின்கள் செய்யாததை அவள் கையே செய்துவிட்டது. மறைத்து வைக்கக்கூடத் தோன்றவில்லை. கதை முடிந்ததும் சட்டையை எடுத்து மேடத்தின் முன்னால் விரித்து வைத்தாள்.

"நான்தான் மேடம்" என்றாள். அவள் கன்னம் நனைந்திருந்தது. தம்பி கிடைத்ததற்கா, மைக் போகப்போவதற்கா என்று அவளுக்கே தெரியவில்லை.

வீணான துணிக்கு ஒரு படிவம் உண்டு. காரணம் என்ற இடத்தில் மூன்று கட்டங்கள் இருக்கும். ஆளின் கவனக்குறைவு, மெஷின் கோளாறு, துணியிலேயே குறை. மேடம் படிவத்தை எடுத்து முதல் கட்டத்துக்கு மேலே பேனாவை வைத்தார். கூடமே எழுந்து நின்று பார்த்தது. பேனா அங்கேயே நின்றது. பிறகு மெதுவாகக் கீழே இறங்கி, மூன்றாவது கட்டத்தில் டிக் அடித்தது.

"துணி நல்ல துணிதான் மேடம்" என்றாள் அக்கா.

"தெரியும்" என்றார் மேடம். கையெழுத்துப் போட்டுப் படிவத்தை மடித்தார். "நாளைக்கு எனக்கு ரெண்டேகால் வரைக்கும் மீட்டிங் இருக்கு. நான் வர்றதுக்கு முன்னாடி ஆரம்பிச்சுடாதீங்க."

அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"அதுக்குள்ள இருபத்தாறு பேரும் தூங்கிடுவாங்க மேடம். நீங்க மீட்டிங்கைச் சீக்கிரம் முடிச்சுட்டு வாங்க."