தீர்த்தம்மாளின் வலது தோள்

பென்னாகரத்திலிருந்து ஏழு கிலோமீட்டர் தள்ளி இருக்கிற நடுநிலைப் பள்ளியில் தீர்த்தம்மாள் சத்துணவு சமைக்கிறாள். வயது நாற்பத்தொன்பது. பதினாறு வருஷமாக அதே சமையலறை, தொண்ணூறு நூறு பிள்ளைகள். சோற்றுக் குண்டானைச் சாய்த்துக் கஞ்சி வடிப்பது, சாம்பார் அண்டாவை இறக்கி வராந்தாவுக்குக் கொண்டுபோவது எல்லாம் அவள் வலது கை பலத்தில்தான் நடந்தது. உதவியாளர் காசியம்மாள் ஒரு பக்கம் பிடிக்க வந்தால், "நீ முட்டைய உரி, இத நான் பாத்துக்கறேன்" என்று அனுப்பிவிடுவாள்.

பொங்கல் கழிந்ததிலிருந்தே அந்தத் தோளில் வலி இருந்தது. தலை சீவக் கை மேலே போகவில்லை. கொண்டையைக் கழுத்தோடு தாழ்த்திப் போட்டுக்கொண்டாள். தைலம் தேய்த்தாள், மருந்துக்கடையில் மாத்திரை வாங்கி விழுங்கினாள். வீட்டில்கூடச் சொல்லவில்லை.

ஆகஸ்டில் ஒரு வியாழக்கிழமை. பிள்ளைகள் தட்டோடு வரிசையில் நிற்கிறார்கள். சாம்பார் அண்டாவைத் தூக்கிக்கொண்டு வாசற்படி தாண்டும்போது வலது கையில் திடீரென்று பலமே இல்லை. விரல்கள் பிடியில்தான் இருந்தன, தோள்தான் இறங்கிவிட்டது. அண்டா ஒரு பக்கமாகச் சாய்ந்தது. முன்னால் இரண்டாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி நின்றிருந்தாள். காசியம்மாள் பாய்ந்து அவள் சட்டைக் காலரைப் பிடித்துப் பின்னால் இழுத்தாள். கொதிக்கிற சாம்பார் சிறுமி நின்ற இடத்தில் கொட்டி, தீர்த்தம்மாளின் இடது பாதத்திலும் தெறித்தது.

"தரை வழுக்கிடுச்சுங்க டீச்சர்" என்றாள் தீர்த்தம்மாள், ஓடிவந்த தலைமை ஆசிரியையிடம்.

எல்லாரும் நம்பினார்கள். சாயங்காலம் பஸ்ஸுக்கு நிற்கும்போது காசியம்மாள் மெதுவாகச் சொன்னாள்: "தரை காஞ்சுதான் இருந்துச்சுக்கா."

தீர்த்தம்மாள் பஸ் வரும் திசையைப் பார்த்தாள். அந்தச் சிறுமியின் முகம் கண்ணைவிட்டுப் போகவில்லை. மறுநாளே லீவு எழுதிக் கொடுத்துவிட்டு, புருஷன் மாதப்பனைக் கூட்டிக்கொண்டு தர்மபுரிக்குப் போய் ஸ்கேன் எடுத்தாள். அங்கிருந்து சேலத்தில் ஒரு மருத்துவமனைக்கு அனுப்பினார்கள்.

"கையைத் தூக்குற தசைநார் எலும்புலேர்ந்து பிஞ்சு வந்திருக்கும்மா" என்றார் டாக்டர். "மாத்திரைல ஒட்டாது. பெருசா கிழிக்க வேண்டியதில்ல. நாலு சின்ன துளை. ஒண்ணுல கேமரா விட்டுப் பாத்துக்கிட்டே, இன்னொண்ணு வழியா நாரை எலும்போட சேத்து தச்சிடலாம்."

"எத்தன நாள்ல அண்டா தூக்கலாங்க?"

"ஆறு வாரத்துக்கு அந்தக் கையால தண்ணி டம்ளர்கூடத் தூக்கக் கூடாது. கனமெல்லாம் ஆறு மாசத்துக்கு மேல. நான் தைக்கறது பாதி வேலைதான். மீதி, கையை நீங்க சும்மா வச்சிருக்கறதுல இருக்கு."

சும்மா இருக்கிறதுதான் அவளுக்குத் தெரியாத வேலை.

செப்டம்பரில் ஆபரேஷன் நடந்தது. மயக்கம் தெளிந்து கண் விழித்தபோது, வயிற்றின் மேல் ஒரு கை கிடந்தது. தொட்டுப் பார்த்தாள். தொட்ட இடத்தில் எதுவும் தெரியவில்லை.

"ஏங்க, இது யாரு கை?"

மாதப்பன் பயந்துபோய் நர்ஸைக் கூப்பிட்டான். மரத்துப்போக ஊசி போட்டிருக்கிறது, சாயங்காலத்துக்குள் உணர்ச்சி வந்துவிடும் என்றார் நர்ஸ். தீர்த்தம்மாள் நம்பவில்லை. மத்தியானம் முழுக்க அந்த ஐந்து விரல்களையே பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள். ஐந்து மணி வாக்கில் சுண்டு விரல் சுருக்கென்றது. அதன் பின்னாலேயே வலி வந்தது, தோளில் கொள்ளிக்கட்டையை வைத்தது மாதிரி. பல்லைக் கடித்துக்கொண்டு, "வந்திருச்சுங்க" என்றாள்.

வீட்டுக்கு வந்தபின் மாதப்பன்தான் களி கிண்டினான், மாட்டைப் பார்த்தான், அவள் தலையைச் சீவிவிட்டான். செவ்வாயும் வெள்ளியும் பென்னாகரத்தில் அன்பரசி என்கிற பிசியோதெரபிஸ்டிடம் போக வேண்டும். முன்னால் குனிந்து, வலது கையைத் தொங்கவிட்டு, உடம்பை மட்டும் ஆட்ட வேண்டும்.

"கையை நீங்க ஆட்டாதீங்கம்மா. அது செத்த கை மாதிரி தொங்கணும்" என்பாள் அன்பரசி.

ஐந்தாவது வாரம், வெள்ளிக்கிழமை. பஸ்ஸில் ஏறுகிறவர்கள் எல்லாம் கையைத் தாங்கியிருக்கும் பெல்ட்டைப் பார்த்துவிட்டு என்ன, ஏது என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். அவளுக்குச் சலித்துப்போயிற்று. அன்று பெல்ட்டைக் கழற்றிப் பைக்குள் வைத்துக்கொண்டாள். கூட்டம், உட்கார இடமில்லை. வளைவில் ஆடு குறுக்கே வந்தது. டிரைவர் பிரேக் போட்டான். விழப்போனவளின் வலது கை தானாக மேலே போய்க் கம்பியைப் பிடித்தது.

தோளுக்குள் டப் என்று ஒரு சத்தம். வேறு யாருக்கும் கேட்டிருக்காது.

இறங்குமுன் பெல்ட்டை மாட்டிக்கொண்டாள். அன்பரசி கையைத் தொட்டுத் தூக்கியபோது அவள் உடம்பு விறைத்தது.

"என்னாச்சுங்கம்மா? போன தடவை இவ்ளோ இறுக்கம் இல்லியே?"

"ஒண்ணுமில்லீங்க. பஸ்ஸுல நின்னுக்கிட்டே வந்தேன்."

இரண்டு நாள் அதை மனசிலேயே வைத்துக்கொண்டு கிடந்தாள். தோள் வீங்கியது. தையல் விட்டிருந்தால் மறுபடி ஆபரேஷன், மறுபடி ஆறு வாரம். வேலையும் போகலாம். அதைவிட, டாக்டர் அவ்வளவு சொல்லியும் கேட்கவில்லையே என்கிற அவமானம். ஞாயிறு காலை தலை சீவிவிடும்போது மாதப்பனிடம் சொல்லிவிட்டாள். சீப்பு நின்றது.

"அன்னிக்கு பள்ளிக்கூடத்துல தரை வழுக்குச்சுன்ன" என்றான். "காசி என்கிட்ட அப்பவே சொல்லிட்டா. நீயா சொல்லுவேன்னு இருந்தேன்."

சீவி முடித்துவிட்டு, நாளைக்குக் கட்டிக்கொள்ள ஒரு சேலையை எடுத்து வைத்தான்.

திங்கட்கிழமை சேலம் பஸ் தொப்பூர் கணவாயில் நின்றுவிட்டது. கீழே எங்கோ லாரி ஒன்று கவிழ்ந்துகிடக்கிறது என்றார்கள். முன்னாலும் பின்னாலும் வண்டிகள். டாக்டர் ஒரு மணி வரைதான் பார்ப்பார். பத்தே முக்கால் ஆனது, பதினொன்றரை ஆனது. பஸ் ஊர்ந்து ஊர்ந்து நிற்கும் ஒவ்வொரு தடவையும், அவள் தோளுக்கும் ஜன்னல் கம்பிக்கும் நடுவே மாதப்பன் தன் உள்ளங்கையை வைத்துக்கொண்டான்.

மருத்துவமனைக்குள் நுழையும்போது ஒன்று அடிக்கப் பத்து நிமிஷம். டாக்டர் தோளில் பசை தடவி, ஸ்கேன் கருவியை வைத்து அழுத்தித் திரையைப் பார்த்தார். முன்னால் நகர்த்தினார், பின்னால் நகர்த்தினார். பழைய படத்தை எடுத்து வைத்து மறுபடி பார்த்தார். தீர்த்தம்மாள் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதில் எதுவும் தெரியவில்லை.

"தையல் விடல" என்றார் கடைசியில். "சுத்தி வீக்கம் மட்டும் இருக்கு. பத்து நாள் பயிற்சி வேண்டாம். பெல்ட் இன்னும் மூணு வாரம். தூங்கும்போதும் கழட்டக் கூடாது."

வராந்தாவுக்கு வந்தாள். பெஞ்சில் உட்கார்ந்து அழுதாள்.

அடுத்த தடவை அன்பரசியிடம் நடந்ததைச் சொன்னாள். "வலிச்சா வலிக்குதுன்னு சொல்றதுல என்னங்கம்மா கஷ்டம்?" என்று கேட்டாள் அவள்.

அதற்குப் பிறகும் கை சுலபமாக வந்துவிடவில்லை. நாலாவது மாதத்தில் காது உயரம்தான் எட்டியது. தோள் இறுகிப்போயிருந்தது. கதவின் மேல் போட்ட கயிற்றை இடது கையால் இழுத்து வலது கையை உயர்த்தும்போது கண்ணில் தண்ணீர் வரும். இப்போதெல்லாம் வலிக்குது என்று வாய்விட்டே சொன்னாள். அன்பரசி அந்த இடத்தில் நிறுத்துவாள், கொஞ்சம் பொறுத்து ஒரு விரலளவு கூட்டுவாள். மார்ச்சில் அடுப்படிப் பரணிலிருந்த டப்பா கைக்கு எட்டியது.

ஜூனில் பள்ளி திறந்தது. இத்தனை மாதமும் சமையலைக் காசியம்மாள்தான் பார்த்திருந்தாள். முதல் நாள் தீர்த்தம்மாள் உள்ளே நுழையும்போது, அவள் சாம்பார் அண்டாவைத் தனியாகத் தூக்கி இடுப்புக்குக் கொண்டுவந்துகொண்டிருந்தாள்.

"கீழ வையி காசி."

"பழகிருச்சுக்கா. நீங்க இப்பதான வந்திருக்கீங்க, உக்காருங்க."

"கீழ வையின்னு சொல்றேன்."

காசியம்மாள் இறக்கி வைத்தாள்.

"கையைப் பின்னால கொண்டுபோய் முதுகைத் தொடு, பாக்கறேன்."

காசியம்மாளின் கை இடுப்பைத் தாண்டவில்லை. முகம் கோணியது. "லேசா சுளுக்குதான்க்கா" என்றாள்.

தீர்த்தம்மாள் அண்டாவில் பாதிச் சாம்பாரை மொண்டு இரண்டு வாளிகளில் ஊற்றினாள். மீதியை இருவருமாகப் பிடித்துத் தூக்கிப் போனார்கள். அன்றே தலைமை ஆசிரியையிடம் போய், ஆகஸ்டில் உண்மையில் என்ன நடந்தது என்று சொன்னாள். பெரிய அண்டாவுக்குப் பதிலாகச் சின்னதாக இரண்டு வேண்டும் என்றும் கேட்டாள். மேலே எழுதி அனுப்புகிறேன் என்றார் அவர். மூன்று வாரத்தில் வந்தன.

அந்த வார வெள்ளிக்கிழமையே காசியம்மாளை அன்பரசியிடம் கூட்டிப்போனாள். நார் கிழியவில்லை, வீக்கம்தான், இரண்டு மாதப் பயிற்சி போதும் என்றாள் அன்பரசி. முதல் பயிற்சியாகக் கையைத் தொங்கவிட்டு நிற்கச் சொன்னபோது காசியம்மாளுக்குச் சரியாக வரவில்லை. தீர்த்தம்மாள் பக்கத்தில் குனிந்து நின்று காட்டினாள்.