ஒரே கட்டிக்கு இரண்டு எண்கள்

பனியன் துணியில் இருந்த ஒரு ஓட்டை எனக்கு இரண்டாகத் தெரிந்தது. அதுதான் தொடக்கம். மண்ணரையில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் மேஜையில் நிற்பவள் நான். தைத்து வரும் பீஸில் பழுது இருக்கிறதா என்று பார்ப்பது வேலை. காலையில் கண் நன்றாக இருக்கும். மதியச் சோற்றுக்குப் பிறகு இடது இமை தானாக இறங்கிவிடும்.

"ஏனுங்கக்கா, நல்ல பீஸையெல்லாம் ஒதுக்கி வெச்சிருக்கீங்க? கண்ணாடிய மாத்துங்க" என்றார் சூப்பர்வைசர். நான் அடுத்த பீஸை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தேன். எனக்கு நாலு பேர் முன்னால் பேச வராது.

கண்ணாடி மாற்றியும் தீரவில்லை. கோவையில் டாக்டர் மயஸ்தீனியா (தசைகள் சீக்கிரம் களைத்துப்போகும் நோய்) என்றார். நெஞ்சைப் படம் எடுத்தார்கள். தைமஸில் (நெஞ்செலும்புக்குப் பின்னால் உள்ள சிறு சுரப்பி) ஒரு கட்டி இருந்தது. இமை விழுவதும் அதனால்தானாம். நெஞ்செலும்பைப் பிளந்து எடுத்தார்கள்.

கட்டியைச் சோதித்த காகிதத்தில் புற்று, இரண்டாம் நிலை என்று இருந்தது. மகள் சுமதிக்கு மனசு கேட்கவில்லை. கட்டியின் சீவல் ஒட்டிய கண்ணாடித் துண்டுகளை வாங்கி வேறொரு ஆஸ்பத்திரியில் காட்டினாள். அங்கே முதல் நிலை என்று எழுதிக் கொடுத்தார்கள்.

இரண்டு என்றால் கதிர் சிகிச்சை வைப்பார்கள், ஒன்று என்றால் விட்டுவிடுவார்கள் என்று ஆஸ்பத்திரி வரிசையில் பக்கத்தில் இருந்தவர் சொன்னார். கதிர் என்றால் எனக்கு அவ்வளவு பயம். எங்கள் கம்பெனியில் ஒரே சரக்கு இரண்டு மேஜையில் இரண்டு விதமாக வந்தால், பாஸான சீட்டைத்தான் பெட்டியில் ஒட்டுவோம். நானும் அதையே செய்தேன். முதல் காகிதத்தை ஃபைலிலிருந்து உருவி, டிபன் பையில் பாக்ஸுக்கு அடியில் மடித்து வைத்தேன்.

கதிர் சிகிச்சை டாக்டரம்மா ஃபைலைப் புரட்டினார். "ஆபரேஷன் பண்ணின ஆஸ்பத்திரி ரிப்போர்ட் எங்கம்மா? அதப் பாக்காம நான் ஒண்ணும் சொல்ல முடியாது."

"இதுலதானுங்க இருந்துச்சு" என்று சுமதி பையையெல்லாம் கொட்டித் தேடினாள். அதற்குமேல் என்னால் உட்கார முடியவில்லை. டிபன் பையிலிருந்து காகிதத்தை எடுத்து மேஜையில் வைத்தேன்.

"ஏம்மா, உனக்கென்ன கிறுக்கா?" என்றாள் சுமதி.

டாக்டரம்மா திட்டவில்லை. "ரெண்டு பேர் எழுதினதும் சரிதாம்மா. பழைய முறையில, கட்டி அதோட உறையத் தாண்டினாலே ரெண்டு. புது முறையில பக்கத்துக் கொழுப்போட நின்னுட்டா ஒண்ணுதான். இதயத்தச் சுத்தின பை வரைக்கும் போனாத்தான் ரெண்டு. உங்க கட்டி கொழுப்போட நின்னிருக்கு."

"பார்ட்டிக்கு பார்ட்டி செக்கிங் மாறுமுங்க" என்றேன். சரக்கு வாங்குகிற ஒருவரின் பழுது இன்னொருவருக்குப் பாஸ். அது எனக்குத் தெரிந்ததுதான்.

அவர் சிரித்தார். பிறகு நான் ஒளித்த காகிதத்தின் கீழே ஒரு வரியில் விரல் வைத்தார். வெட்டி எடுத்த ஓரத்தை ஓரிடத்தில் கட்டி தொட்டிருந்ததாம். சீவலை மட்டும் பார்த்தவர்கள் அதை எழுதவில்லை. "எண்ணுக்காக இல்லம்மா, இந்த ஓரத்துக்காகக் கதிர் வெக்கணும். உள்ள கொஞ்சம் மிச்சம் இருக்கலாம்."

ஐந்து வாரம் வைத்தார்கள். தொண்டை எரிந்தது, தோல் கறுத்தது, பிறகு ஆறியது. உங்கள் கையிலும் இரண்டு காகிதம் இருந்தால் இரண்டையும் கொடுத்துவிடுங்கள். எண்ணை மட்டும் பார்த்து நான் வரியை ஒளித்தேன்.

"வருஷத்துக்கு ஒருக்கா படம் எடுக்கணும், பத்து வருஷம். இது மெதுவாத் திரும்புற நோய்" என்றார் டாக்டரம்மா.

"எனக்கு அறுபத்தெட்டுங்க."

"இருக்கட்டும், வாங்க."

அடுத்த தீபாவளிக்கு அப்பால் நான் எதையும் நினைத்தவள் இல்லை. இமைக்குப் போடும் மாத்திரையின் வேகம் இருக்கும்வரை இப்போது மதியத்திலும் இமை நிற்கிறது. நெஞ்சின் நடுவே ஓடும் தழும்பை விரலால் தடவிப் பார்க்கிறேன். உள்ளே ஓரம் எங்கே முடிகிறது என்று விரலுக்குத் தெரிவதில்லை.

பீரோ கண்ணாடியில் சுமதி பத்துக் கட்டம் போட்டு ஒரு தாள் ஒட்டியிருக்கிறாள். இரண்டில் டிக் விழுந்துவிட்டது. மீதி எட்டின் முன்னால் நின்றுதான் தினமும் தலை வாருகிறேன்.