மாமியின் குடத்தில் ஒரு சிட்டிகை உப்பு

சுனாமிக்குப் பிறகு எங்கள் கிணறு உவர்த்துப்போனது. எத்தனை தடவை இறைத்தும் மாறவில்லை. புது வீட்டோடு ஒரு மழைநீர்த் தொட்டியும் கட்டித் தந்தார்கள். மாரி தொடங்குமுன் கூரைத் தண்ணீர் வடியும் பீலியில் சருகு அள்ள வேண்டும், தொட்டியைத் தேய்த்துக் கழுவ வேண்டும், முதல் மழையைத் தொட்டிக்குள் விடாமல் வெளியே விட வேண்டும். எல்லாம் நான்தான். ஏணியில் நின்று காக்கை எச்சம் சுரண்டியதைச் சொல்லிக் காட்டாமலும் இருக்கவில்லை. எனக்கு வாய் கொஞ்சம் நீளம்.

என் புருஷனின் அம்மா, மாமி மட்டும் அந்தத் தண்ணீரைத் தொடமாட்டார். "மழைத் தண்ணி குடிச்சாத் தடிமன் பிடிக்கும் புள்ள" என்று உவர்க் கிணற்றுக்கே வாளியோடு போவார். சுனாமியன்று மாமாவைக் கடல் கொண்டுபோயிருந்தது; உடல்கூடக் கிடைக்கவில்லை. அதற்குப் பிறகு மாமியின் சொல்லை வீட்டில் யாரும் மறுப்பதில்லை.

போர் முடியும் தறுவாயில் மாமிக்குத் தலைச்சுற்று வந்தது. சோதனைச் சாவடிகளில் இறங்கி ஏறி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். பிரஷர் கூடிவிட்டது, உப்புத் தண்ணீரை விடாவிட்டால் பாரிசவாதம் வந்து கை கால் விழுந்துவிடும் என்றார் டாக்டர். தொட்டி நிறையத் தண்ணீர் இருந்தும் கைக்கு எட்டியது வாய்க்கு எட்டாத கதை. எனக்குக் கோபமும் பயமும் சேர்ந்தே வந்தன.

"தலைச்சுற்றோட வாளி இழுக்க வேணாம் மாமி, நான் அள்ளித் தாறன்" என்று குடத்தை வாங்கி, மாமி காணாமல் தொட்டித் தண்ணீரை நிரப்பினேன். ஒரு மிடறு குடித்தவர் துப்பிவிட்டார். அடுத்த நாள் ஒரு சிட்டிகை உப்பைக் கரைத்தேன். குடித்தார். பிரஷருக்குப் பயந்து உப்புப் போட்ட மருமகள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். கிணற்றில் உள்ளதைவிடக் குறைவுதானே என்று மனதைத் தேற்றிக்கொண்டு, நாளுக்கு நாள் குறைத்துக்கொண்டே வந்தேன்.

ஒரு நாள் உப்புப் போத்தலும் கையுமாக அகப்பட்டேன். மாமி கோபிக்கவில்லை.

"உப்புப் போட்ட அண்டைக்கே தெரியும் புள்ள. நீ பாடுபடுறாய் எண்டுதான் குடிச்சன்."

"பிறகு ஏன் மாமி கிணத்துத் தண்ணிதான் வேணும் எண்டு நிண்டீங்க? தடிமனுக்குப் பயந்தா?"

"தடிமன் என்ன தடிமன். மாமாவக் கொண்டுபோன தண்ணிதானே இந்தக் கிணத்துக்குள்ளயும் வந்து நிண்டது. அவர் இருக்கிற இடம் எண்டு சொல்ல எனக்கு வேற என்ன இரிக்கி?"

போத்தலை வைத்துவிட்டு அழுதேன்.

அன்றிலிருந்து மாமி தொட்டித் தண்ணீரைத்தான் குடித்தார். காலையில் முதல் மிடறு மட்டும் கிணற்றிலிருந்து. அதை நானே அள்ளிக் கொடுப்பேன். டாக்டரிடம் நாங்கள் இருவரும் சொல்லவில்லை.