நினிவேக்குக் காவல் நின்ற காலம்

மியூசியத்தில் காவல் வேலைக்கு ஆள் எடுக்கும்போது பொறுமை இருக்கிறதா, இங்கிலீஷ் இருக்கிறதா என்றெல்லாம் கேட்பார்கள். உண்மையில் வேண்டியது இரண்டு நல்ல கால்கள். பெட்ரோல் ஷெட்டிலும் கடைக் கல்லாவிலும் நாள் முழுக்க நின்று, வீட்டுக்கு வந்து சுடுதண்ணீரில் காலை வைத்த உங்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. எண்பதுகளின் நடுவில் லண்டனுக்கு வந்த நான், ஈஸ்ட் ஹாமிலிருந்து ரெயின் பிடித்து நகரத்தின் நடுவிலிருந்த ஒரு பெரிய மியூசியத்துக்குப் பல வருடம் வேலைக்குப் போனேன். எனக்குத் தந்தது ஈராக் பக்கத்துப் பழைய நாகரிகங்களின் மண்டபங்கள். யூனிபோர்ம் கோட்டைப் போட்டுக்கொண்டு அங்கே நிற்கும்போது நான் ஒரு சாண் உயர்ந்துவிட்டதுபோல இருக்கும்.

கல்லுக்குக் காவல்

வேலை கிடைத்த கிழமையே, லண்டனில் பார்க்கிங் என்ற இடத்தில் சொந்தக்காரர் வீட்டில் ஒரு பிறந்தநாள். என் கணவருடைய தங்கை வசந்தி, எனக்கு மச்சாள், எல்லாருக்கும் முன்னால் என்ன வேலை என்று கேட்டாள். நான் நிமிர்ந்து நின்று சொன்னேன். மனிசர் எழுதப் பழகின காலத்துக் களிமண் பலகைகள் என் பொறுப்பில் இருக்கின்றன. மணித்தியாலத்தை நாங்கள் இன்றைக்கும் அறுபதாகப் பிரிக்கிறோமே, அது பாபிலோன்காரர் வைத்திருந்த கணக்கு. பைபிளில் வருகிற அசீரிய ராசாக்களின் அரண்மனைச் சுவர்கள் என் கண்ணுக்கு முன்னால்தான் நிற்கின்றன.

வசந்தி றோல்ஸைக் கடித்தபடி முழுவதையும் கேட்டாள். பிறகு சொன்னாள்: "எல்லாம் சரி மச்சாள், அந்தக் கல்லுகளை ஆர் தூக்கிக்கொண்டு போகப் போறான்?"

எந்த மலை?

எங்கள் மண்டபத்தில் ஒரு உடைந்த களிமண் பலகை இருந்தது. உள்ளங்கை அளவு. பெருவெள்ளம் வந்ததையும், ஒரு மனிதன் கப்பல் கட்டித் தப்பினதையும், தண்ணீர் வற்றியதா என்று பார்க்கப் பறவைகளைப் பறக்கவிட்டதையும் அதில் ஆப்பு ஆப்பான எழுத்தில் எழுதியிருந்தார்கள். ஒருநாள் கறுப்புத் தொப்பியும் நீண்ட தாடியுமாக ஒரு யூதப் பெரியவர் வந்து அதை விசாரித்தார். அதே நேரம் அப்டன் பார்க்கிலிருந்து பிள்ளைகளோடு வந்திருந்த ஒரு பங்களாதேஷ் அம்மாவும் அதையே கேட்டார். இரண்டு பேரையும் ஒன்றாகவே கூட்டிக்கொண்டு போனேன்.

இரண்டு பேரும் குனிந்து பார்த்தார்கள். பிறகு பெரியவர், "நோவா" என்றார், தனக்குத்தானே. "எங்களுக்கு நூஹ் நபி" என்றார் அந்த அம்மா. பெரியவருக்கு முகம் மலர்ந்துவிட்டது. காகம் போனதையும் புறா ஒலிவ் இலையோடு வந்ததையும் கையை ஆட்டி ஆட்டிப் பிள்ளைகளுக்குச் சொன்னார். கப்பல் அராரத் மலையில் தங்கியது என்று முடித்தார். "இல்லை, ஜூதி மலை" என்றான் மூத்த பையன். பெரியவர் விடவில்லை, பையனும் விடவில்லை. பக்கத்திலிருந்த விளக்க அட்டையைப் பார்த்தால் அதிலே மூன்றாவதாக வேறொரு மலை! இனி என்ன நடக்குமோ என்று நான் யோசிக்க, அந்த அம்மா பையனின் தோளில் கை வைத்துச் சொன்னார்: "எந்த மலையாக இருந்தால் என்ன ஐயா, கப்பல் தரை தட்டினதால்தானே நாங்கள் எல்லாரும் இங்கே நிற்கிறோம்."

கிழமைக்கு ஏழு நாள்

எங்கள் சூப்பர்வைசர் டெனிஸ் நல்ல மனிதன். ஆனால் ஷிப்ட் போடுகிற நாளில் அவனுக்குக் கிட்டப் போக ஏலாது. எங்களோடு காவல் நின்ற ஹாரி யூதன், அவனுக்குச் சனி ஓய்வுநாள். குளிர்காலத்தில் வெள்ளி பொழுது சாய முதலே வீட்டில் நிற்கவேண்டும். யூசுப்புக்கு வெள்ளி மத்தியானம் தொழுகை. ஜமெய்க்காவிலிருந்து வந்த கிளாரிஸ் ஞாயிற்றுக்கிழமை சர்ச்சை விடமாட்டாள். இதற்குள் நானும் போய், வெள்ளி பின்னேரம் எனக்குக் கோயில் என்றேன். டெனிஸ் பென்சிலை மேசையில் போட்டுவிட்டு வெளியே போய்விட்டான்.

அவன் சிகரெட் பிடித்து முடித்து வருவதற்குள் நாங்களே பேசி முடித்துவிட்டோம். ஹாரியின் சனிக்கிழமையைக் கிளாரிஸ் பார்ப்பாள், அவளுடைய ஞாயிறை ஹாரி பார்ப்பான். யூசுப் தொழுகைக்குப் போகும்போது ஹாரி நிற்பான். யூசுப் திரும்பி வந்ததும் ஹாரி புறப்படலாம். என்னுடைய கோயிலுக்கு ஆள் மாறவே தேவையில்லை, பூசை ஏழு மணிக்குத்தான். அதன்பிறகு எங்கள் பகுதியில் ஆள் குறைந்தது என்ற பேச்சே வரவில்லை. அன்று டெனிஸ் திரும்பி வந்து, நாங்கள் தாளில் எழுதி வைத்ததை இரண்டு தரம் வாசித்துப் பார்த்தான். பிறகு சொன்னான்: "எல்லாருக்கும் கடவுள் ஒருநாள் லீவு வாங்கிக் கொடுத்திருக்கிறார், என்னுடைய சனிக்கிழமைப் பந்தாட்டத்துக்குத்தான் ஆளில்லை!"

ஊர் அரசியின் நகை

ஈஸ்ட் ஹாமில் நகைக்கடை வைத்திருந்த ஒரு அண்ணை, மனைவியோடு வந்தார். ஊர் என்றே பெயருள்ள பழைய நகரத்தில் புதைத்திருந்த அரசியின் நகைகளைக் காட்டினேன். தங்க இலைகள், நீலக்கல், சிவப்பு மணிகள். சிவப்பு மணிகள் சிந்துவெளிப் பக்கத்திலிருந்து கப்பலில் போனவை என்று படித்தவர்கள் சொல்கிறார்கள் என்றேன். அண்ணை, மூக்கு கண்ணாடிப் பெட்டியில் முட்டக் குனிந்து நின்றார். பிறகு மனைவியைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னார்: "பாத்தியோ, அந்தக் காலத்திலயே எங்கட பக்கத்துச் சாமான் இல்லாமல் அவையளுக்கு அலங்காரம் இல்லை!"

சிறகு முளைத்த காளை

தொண்ணூற்றொன்று தை மாதம் ஈராக்கில் குண்டு விழத் தொடங்கியது. அதிலிருந்து ஒரு இளைஞர் ஒவ்வொரு பின்னேரமும் வந்து, மனிசத் தலையும் சிறகும் உள்ள பெரிய அசீரியக் காளைக்கு முன்னால் நிற்பார். அசையமாட்டார். டெனிஸுக்குப் பயம் பிடித்துவிட்டது. "கவனித்துக்கொள். சரியில்லை என்றால் வெளியே அனுப்பிவிடலாம்" என்றான்.

எனக்கு அது பிடிக்கவில்லை. என்னையும் அப்படிக் கவனித்த கடைகள் இந்த லண்டனில் உண்டு. நேரே போய், "இருக்க ஒரு கதிரை தரட்டா?" என்று கேட்டேன். திடுக்கிட்டுத் திரும்பினார். பெயர் பாசில், இங்கே படிக்க வந்தவர், சொந்த இடம் மோசுல். அந்தக் காளை ஒருகாலத்தில் நின்றது அவருடைய ஊருக்குப் பக்கத்தில். ஆற்றுக்கு மறுகரையில் நினிவேயின் பழைய மதில். அதில் ஏறித்தான் சின்ன வயதில் பட்டம் விட்டாராம். தாய் அங்கே தனிய. டெலிபோன் இல்லை. "டீவியில் என் நாட்டை மேலேயிருந்துதான் காட்டுகிறார்கள். இங்கே வந்தால் முகம் பார்க்கலாம்" என்றார். என் அம்மாவும் அப்போது யாழ்ப்பாணத்தில், எனக்கும் ஒரு தகவலும் இல்லை. அதைச் சொன்னேன்.

நினிவே என்ற சொல் காதில் விழ, பக்கத்து மண்டபத்திலிருந்து கிளாரிஸ் வந்துவிட்டாள். "யோனா போன நினிவேயா?" என்று கேட்டாள். "யூனுஸ் நபி. அவருடைய பள்ளிவாசல் எங்கள் வீட்டிலிருந்து தெரியும்" என்றார் பாசில். கிளாரிஸ் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டாள். "கடவுள் இரங்கி விட்டுவைத்த ஊர் அது, மகனே" என்றாள். பிறகு நாங்கள் இரண்டு பேருமாகப் போய், அவர் எங்கள் பொறுப்பு என்று டெனிஸிடம் சொன்னோம். அவன் தலையைச் சொறிந்தான். பிறகு தானே ஒரு கதிரையைத் தூக்கிவந்து காளைக்கு முன்னால் போட்டான்.

சண்டை நின்றபிறகு ஒருநாள் பாசில் பேரீச்சம்பழப் பெட்டியோடு வந்தார். தாய் உயிரோடு இருக்கிறார், ஜோர்தானுக்கு வந்த ஒருவர் மூலம் செய்தி கிடைத்தது. கிளாரிஸ் போட்ட அல்லேலூயாவில் மண்டபமே திரும்பிப் பார்த்தது. சத்தம் போடாதே என்று சொல்லவேண்டிய நான் அழுதுகொண்டு நின்றேன். பாசில் கண்ணைத் துடைத்துவிட்டுச் சொன்னார்: "கோபிக்காதீர்கள், முதலில் காளையிடம் சொல்லிவிட்டுத்தான் உங்களிடம் வந்தேன்."

யாழ்ப்பாணத்தில் வீட்டைப் பூட்டக்கூட நேரமில்லாமல் ஓடிவந்த என்னை நம்பி லண்டன்காரர் பாபிலோனையும் நினிவேயையும் பார்த்துக்கொள்ளச் சொன்னார்கள். ஒரு ஓட்டுத்துண்டுகூடக் குறையாமல்தான் ஒப்படைத்துவிட்டு வந்திருக்கிறேன்.