பெயர் இல்லாத இடத்தில் ஓர் எண்

பொய்ப் பெயர் வைத்துக்கொள்ள என் வீட்டுக்காரருக்கு மனம் வரவில்லை. எங்களுக்கு வந்த கஷ்டம் எல்லாம் அதிலிருந்துதான் வந்தது.

அப்போது அவர் ஆரோவில்லில் ஓர் அலுவலகத்தில் இருந்தார். டீ கொடுப்பது, தபால் போடுவது என்று சேர்ந்தவர், பழகிப் பழகி கம்ப்யூட்டரில் தமிழ் அடிக்கக் கற்றுக்கொண்டார். மரக்காணம் பக்கத்து எங்கள் ஊரிலிருந்து அந்த அலுவலகத்துக்குப் போய்வந்தவர் அவர் ஒருவர்தான். எனக்கு அதில் பெருமை. நான் எட்டாவதோடு நின்றவள்.

சுனாமிக்கு மறு வருடம், கடல் உப்பளத்துக்குள் கொண்டுவந்து கொட்டிய கறுப்புச் சேற்றை அள்ளுவதற்குப் பெண்களைக் கூப்பிட்டார்கள். எங்கள் தெருவிலிருந்தும் ஒருத்தி போனாள். மதியம் அவளைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். நெஞ்சுவலி என்றார் உப்பள முதலாளி. பொழுது சாய்வதற்குள் எரித்தாகிவிட்டது. நானும் போய் அழுதேன். தலை முழுகிவிட்டு வந்து விளக்கேற்றும்போது, கஷ்டப்படுத்தாமல் அவளைக் கூப்பிட்டுக்கொண்டாயே தாயே, அதுவே போதும் என்று அம்மனைக் கும்பிட்டேன்.

சில நாள் கழித்து, அவளோடு சேறு அள்ளிய இன்னொருத்தி எங்கள் வீட்டுக்கு வந்தாள். வந்தவள் தண்ணீர்கூடக் கேட்கவில்லை.

"அண்ணி, நெஞ்சுவலி இல்ல அண்ணி. மோட்டார் ஒயரு. தண்ணியில கெடந்துச்சு. ஒட்டு போட்ட எடத்துல டேப்புகூட சுத்தல, செவப்புத் துணிய கட்டி வெச்சிருந்தானுங்க. நான் கிட்டதான் நின்னேன். அவ கால வெச்சா, அப்டியே வெறச்சிப் போயிட்டா."

உள்ளேயிருந்து என் வீட்டுக்காரர் எழுந்து வந்தார். "போலீசுல சொல்லலாமாம்மா?"

"ஐயோ, வாணாம்ண்ணே! நாளைக்கு நான் அதே பாத்தியில எறங்கணும். எம் பேரு வெளிய வந்துச்சுன்னா எம் புள்ளைங்க பட்டினிதான்."

"அந்த ஒயரு இப்ப எங்க இருக்குது?"

"எங்க போவும்? அங்கியேதான் கெடக்குது."

அன்று அவர் சரியாகச் சாப்பிடவில்லை.

அந்த அலுவலகத்தில் அவருக்கு ஓர் இணையதளத்தைக் காட்டியிருந்தார்கள். எல்லாரும் சேர்ந்து எழுதுவது. யார் வேண்டுமானாலும் எழுதலாம், திருத்தலாம். எங்கள் ஊருக்கும் அதில் ஒரு பக்கம் இருந்தது. கோயில் தீமிதியைப் பற்றி அவர்தான் அதில் எழுதியிருந்தார். கூட வேலை செய்த அம்மா ஒருவர், "ஏதாவது ஒரு பேரு வெச்சுக்கிட்டு எழுதுங்க, எந்தப் பேரா இருந்தாலும் பரவாயில்ல" என்று சொல்லியிருக்கிறார். இவர் வைத்துக்கொள்ளவில்லை.

"இல்லாத பேர்ல உண்மைய எழுதறது இன்னா நியாயம்? அதுக்குப் பேரே போடாம எழுதிட்டுப் போறேன். உண்டியல்ல போடறவன் பேரெழுதியா போடறான்?" என்று என்னிடம் கேட்டார். எனக்கும் அது சரியென்றுதான் பட்டது.

அந்தப் பக்கத்தின் கடைசியில் நாலு வரி சேர்த்தார். உப்பளத்தில் செத்தவள் நெஞ்சுவலியால் சாகவில்லை, மோட்டார் ஒயரை மிதித்துச் செத்தாள். ஒட்டு போட்ட இடத்தில் சிவப்புத் துணிதான் கட்டியிருந்தது. அந்த ஒயர் இன்னும் தண்ணீரில் கிடக்கிறது. யார் பெயரும் அதில் இல்லை.

பெயர் கொடுக்காமல் எழுதினால் அந்தத் தளம் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ஓர் எண்ணைப் போட்டுவிடும் என்பது எங்களுக்குத் தெரியாது. எந்த இணைப்பிலிருந்து எழுதினார்களோ அந்த இணைப்பின் எண். ஏதோ ஒரு பெயரை வைத்திருந்தால் அந்தப் பெயர் மட்டும்தான் வெளியே தெரிந்திருக்கும். எண் உள்ளேயே இருந்திருக்கும். ஒளிந்துகொள்ள நினைத்தவர் விலாசத்தை நெற்றியில் ஒட்டிக்கொண்டு நின்றார். எழுதும்போதே எச்சரிக்கை வருமாம், இங்கிலீஷில். அவர் அதைப் படிக்கவில்லை.

மறு வருடம் பொங்கலுக்கு முதலாளியின் மருமகன் வந்திருந்தான். சென்னையில் கம்ப்யூட்டர் வேலை. மாமனார் ஊரைப் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று தேடியிருக்கிறான். நாலு வரியையும் படித்தான். எண்ணைத் தட்டிப் பார்த்தான். அந்த அலுவலகத்தின் பெயரே வந்து நின்றது. அதற்கு மேல் தேட என்ன இருக்கிறது?

வெள்ளிக்கிழமை கோயிலுக்கு வரச் சொல்லி ஆள் வந்தது. அதற்குள் அலுவலகத்து அம்மா, அந்த எண்ணை எடுத்துவிடச் சொல்லித் தளத்துக்காரர்களுக்கு எழுதிக் கேட்டார். வரிகளை எடுக்கலாம், ஆனால் யார் எப்போது எழுதினார் என்கிற பழைய பதிவு எல்லாருக்கும் தெரியும்படிதான் இருக்கும், அதுதான் அங்கே முறை என்று பதில் வந்ததாம். ஓர் உயிர் சம்பந்தப்பட்டது என்று மறுபடி எழுதினார். அதற்குள் வெள்ளிக்கிழமை வந்துவிட்டது.

அம்மன் சந்நிதிக்கு எதிரே ஊரே கூடியிருந்தது. நான் பெண்கள் பக்கம் நின்றேன்.

"இன்னாப்பா, ஆரோவில் காத்து பட்டதும் ஊரு உப்பு கசக்குதா?" என்றார் முதலாளி.

மருமகன் அந்தப் பக்கத்தை அச்செடுத்த காகிதத்தைச் சட்டைப்பையிலிருந்து எடுத்துப் பிரித்தான். "இது உங்க ஆபீசு நம்பரு. நம்ம ஊர்லருந்து வேற எவன் போறான் அங்க?"

"வெள்ளக்காரன் எவனாச்சும் எழுதியிருப்பாம்ப்பா" என்றது கூட்டத்தில் ஒரு குரல்.

"தீமிதியப் பத்தி எழுதினதும் இதே நம்பருதான். அவன் வந்துதான் உங்க ஊரு தீமிதிய மிதிச்சானா, எழுதறதுக்கு?" என்றான் மருமகன். சிலர் சிரித்தார்கள்.

நாட்டாமை தட்டில் கற்பூரத்தை ஏற்றி வைத்தார். எங்கள் பக்கத்தில் அதுதான் கடைசித் தீர்ப்பு. கற்பூரத்தைக் கையால் அணைத்துச் சத்தியம் செய்துவிட்டால் அதற்கு மேல் யாரும் கேட்கக் கூடாது. "நான் எழுதலன்னு சொல்லி அணைச்சிட்டுப் போப்பா. இதோட முடிஞ்சிது" என்றார். அவர் குரலில் இரக்கம் இருந்தது. தப்பித்துப் போ என்றுதான் சொன்னார். நானும் மனதுக்குள், அணைச்சிடுங்க, அணைச்சிடுங்க என்று கெஞ்சினேன்.

என் வீட்டுக்காரர் அம்மனைப் பார்த்தார். "நான்தாங்க எழுதினேன்."

முதலாளி மெதுவாகத்தான் கேட்டார். "சரி. நீ உப்பளத்துல கால் வெச்சு எத்தினி வருசம் ஆச்சு? செவப்புத் துணி உனக்கு எப்பிடித் தெரியும்? பக்கத்துல நின்னவளுக்குத்தான் தெரியும். எவ சொன்னா?"

எனக்கு அப்போதுதான் புரிந்தது. எண் எங்களை மட்டும்தான் காட்டியது. அந்தத் துணி எங்களிடம் வந்து சொன்னவளைக் காட்டிவிட்டது.

"அத சொல்ல மாட்டேங்க."

"அம்மன் முன்னால நின்னுக்கினே மறைக்கிறியா?"

"பொய் சொல்லலீங்க. சொல்ல மாட்டேன்னுதான் சொல்றேன்."

அன்று சேறு அள்ளிய பெண்கள் அத்தனை பேரையும் வரிசையாக நிற்க வைத்தார்கள். ஒவ்வொருத்தியாக வந்து, "நான் சொல்லல" என்று கற்பூரத்தை அணைக்க வேண்டும். அணைந்ததை நாட்டாமை மறுபடி ஏற்றுவார். அவளும் வந்தாள். அவளும் அணைத்தாள்.

எங்கள் வீட்டோடு யாரும் பேசக் கூடாது, நல்லது கெட்டதுக்குக் கூப்பிடக் கூடாது என்று ஊரில் முடிவானது. கடைக்காரர் என் முகத்தைப் பார்க்காமல் வேறு பக்கம் திரும்பிக்கொள்வார். தாங்க முடியாமல் கோட்டக்குப்பத்தில் வாடகைக்கு வீடு பார்த்துக்கொண்டு போனோம். வேலை மட்டும் அவருக்குப் போகவில்லை.

கிளம்புவதற்கு முன்னால் அலுவலகத்து அம்மா சொல்லி அனுப்பினார், அந்த எண்ணை மறைத்துவிட்டார்களாம். எங்கேயோ இருக்கிற, முகம் தெரியாத ஒருவர் எங்களுக்காக வாதாடி அதைச் செய்திருக்கிறார். அவருக்காகவும் விளக்கு வைத்தேன். ஆனால் காகிதம் முதலாளி வீட்டில் இருந்ததே.

அந்த வருடம் உப்பு எடுக்கத் தொடங்கும் முன்பு, மோட்டாருக்குப் புது ஒயரைக் கம்பம் நட்டு மேலே தூக்கிக் கட்டினார்கள். பஸ்ஸில் போகும்போது நானே பார்த்தேன். யாரும் கேட்டதற்காகக் கட்டவில்லை, தானாகவே கட்டியதாக முதலாளி சொல்லிக்கொண்டாராம். சொல்லிக்கொள்ளட்டும்.

பொய்ச் சத்தியம் செய்தவள் குடும்பம் விளங்காது என்று கேட்டே வளர்ந்தவள் நான். அவள் பிள்ளைகளுக்குக் காய்ச்சல் என்று காதில் விழுந்தாலும் எனக்குத் தூக்கம் போய்விடும். எங்கள் வரியால்தான் அவள் கையில் அந்த நெருப்பு வந்தது. அந்தப் பாவம் இருந்தால் எங்கள் வாசலுக்கு வரட்டும் தாயே, அவள் வாசலுக்குப் போக வேண்டாம் என்றுதான் இன்றைக்கும் கேட்கிறேன்.

அவள் இன்னும் அங்கேதான் வேலைக்குப் போகிறாள். அதனால் வரிசையில் எத்தனாவதாக வந்தாள், கை நடுங்கியதா, எங்கள் பக்கம் திரும்பிப் பார்த்தாளா என்பதை எல்லாம் எழுத மாட்டேன். துணியின் நிறத்தைக்கூட மாற்றித்தான் எழுதியிருக்கிறேன். அது பொய்தான். என் வீட்டுக்காரர் படித்தால் வருத்தப்படுவார். அம்மன் அதை என் தலையிலேயே எழுதட்டும்.