தாராவிச் சுவரில் ஒரு சிவப்புச் சேலை

1986 டிசம்பர், ஒரு சனிக்கிழமை. மதியம் இரண்டு மணிக்கு, சிவப்புப் பெயிண்ட் டப்பாவோடு மாட்டுங்கா ஸ்டேஷனில் நின்றேன். தென்காசியிலிருந்து பம்பாய் பார்க்க வந்த என்னை மைத்துனன் கணபதி இப்படித்தான் ஊர்சுற்ற விட்டிருந்தான்.

கணபதி தாராவியில் பேனர் எழுதுகிறவன். பிழைக்க வந்து பம்பாய்க்கு உழைத்தவர்களை ஒரு தோல் பட்டறைச் சுவரில் வரைந்திருந்தான்: தோல் பதனிடும் பாய், பானை வனையும் குஜராத்திக்காரர், டைப் அடிக்கும் மாட்டுங்கா குமாஸ்தா, தலையில் இட்லிப் பாத்திரத்தோடு மாரியக்கா. மாரியக்காவின் சேலைக்கு வரும்போது சிவப்பு தீர்ந்துவிட்டது; வாங்கிவர என்னை மாட்டுங்காவுக்கு விரட்டினான். ஐந்து மணிக்குத் திறப்பு.

நிஜ மாரியக்கா காலையில் வந்து பார்த்தாள்.

"ஏல கணவதி! எம் புருசன் குத்துக்கல்லாட்டம் இருக்காரு. என்னய வெள்ளச்சேலையில நிறுத்திட்டியல! இப்படியே தொறந்த, சாணியக் கரைச்சு ஊத்திருவேன்."

புருஷன் பக்கத்திலேயே டீ குடித்துக்கொண்டிருந்தார். உயிரோடுதான் இருந்தார், பேசத்தான் பயந்தார்.

தாராவிக்கு இறங்க வேண்டிய சயான் அடுத்த ஸ்டேஷன்தான். வண்டி அங்கே நின்றது, நான்தான் இறங்கவில்லை. வாசலை மறித்த முதுகுகளிடம் எனக்குத் தெரிந்த ஒரே இந்தியைச் சொன்னேன்: "நமஸ்தே!" ஒரு முதுகும் அசையவில்லை. அதற்கடுத்த குர்லாவில் கூட்டமே என்னை வெளியே துப்பியது. டப்பா மூடி தெறித்து, பாதிப் பெயிண்ட் என் வெள்ளைச் சட்டையில்.

மாரியக்காவின் முகம் கண்முன் வந்தது. அப்படியே அதே லைனில் கல்யாண் ஊர்ப் பக்கம் போய்ச் சாமியாராகிவிடலாமா என்றுகூட யோசித்தேன்.

திரும்பும் வண்டியில் ஏறியதும் ஒருவர் அலறினார்: "அரே, கூன்! ஹட்டோ, ஹட்டோ!"

ரத்தம் என்று நினைத்து மொத்தப் பெட்டியும் விலகியது. ஒருவர் ஜன்னல் சீட்டே கொடுத்தார். மறுத்தால் மரியாதை இல்லை, முனகிக்கொண்டே உட்கார்ந்தேன். சயானில் நாலு பேர் கைத்தாங்கலாக இறக்கிவிட்டார்கள்.

பட்டறைச் சுவரருகே என்னைக் கண்டதும் கணபதி ஓடிவந்தான். "ஐயோ அத்தான்! எவன் வெட்டுனான்?"

"பெயிண்ட்டுடா!"

"பெயிண்டா? அடப்பாவமே! எவ்வளவு மிச்சம் வச்சிருக்கிய?"

சேலைக்குச் சரியாக இருந்தது. பொட்டுக்கு இல்லை. கணபதி என்னைச் சுவரோரம் இழுத்து, என் நெஞ்சில் காயாமலிருந்த சிவப்பை விரலால் தொட்டு மாரியக்கா நெற்றியில் வைத்தான். கூட்டம் விசிலடித்தது. மாரியக்கா புருஷனைச் சுவர்முன் நிறுத்தினாள்.

"நல்லாப் பாத்துக்கிடும். ஒமக்கு ஆயுசு கெட்டி."

அவர் அன்று முதல்முறையாக வாய் திறந்து கணபதியைக் கேட்டார்: "இட்லி இருக்கு. சட்னிய எங்கல?"

மறுநாள் ஊருக்கு ரயிலேறினேன். எங்கள் ஊரில் சுவரில் இடம்பிடிக்க ஒன்று தேர்தலில் நிற்க வேண்டும், இல்லை செத்துப்போக வேண்டும். தாராவியில் இட்லி விற்று, இருக்கிற புருஷனுக்காக ஒரு சண்டையும் போட்டால் போதும்.