கும்பினிக்கு ஆளில்லை

கல்லூரி நாளிலிருந்து எங்கள் நாலு பேருக்கும் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் விளையாட்டுக்கென்று ஒதுக்கிய நேரம். முதலில் கிரிக்கெட். வாடிப்பட்டிக்காரனுக்கு முழங்கால் போனதும் அது நின்றது. பிறகு கேரம். தோற்றால் நான் காய்களைக் கலைத்துவிடுகிறேன் என்று மூன்று பேரும் சேர்ந்து போர்டைப் பரண்மேல் ஏற்றிவிட்டார்கள். அநியாயம். ஒரே ஒரு தடவைதான் கலைத்தேன்.

அப்புறம்தான் ஜவுளிக்கடை வைத்திருக்கும் நண்பன் போனில் ஒரு வீடியோ காட்டினான். எங்கோ வெளிநாட்டில் நரைத்த தலைகள் சில, பெரிய மேசையில் விரல் உயரச் சிப்பாய்களை நிறுத்தி, டேப் வைத்துத் தூரம் அளந்து, பகடை உருட்டி, பழைய போர் ஒன்றை மறுபடி நடத்திக்கொண்டிருந்தன. எனக்குப் பித்துப் பிடித்துவிட்டது.

எந்தப் போரை எடுப்பது என்பதில்தான் சண்டை. மதுரைக்குப் பக்கத்தில் ஒத்தக்கடையில் என் வீட்டு மாடி அறையில் உட்கார்ந்து பேசினோம். வாடிப்பட்டிக்காரனுக்கு டாங்கி வேண்டும். ஜவுளிக்கடைக்காரனுக்கு ரோமாபுரி வேண்டும், துணி நிறம் எடுப்பாக இருக்குமாம். எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. நம் மண்ணில் இல்லாத சண்டையா, வெள்ளைக்காரக் கும்பினியைப் பாளையக்காரர்கள் எதிர்த்து நின்ற ஊரில் உட்கார்ந்துகொண்டு ரோமாபுரிக்கு ஏன் போகவேண்டும் என்று கத்தினேன். நான் கத்தினால் பெரும்பாலும் நடந்துவிடும். ஜவுளிக்கடைக்காரன் வீட்டில் சௌராஷ்டிரம் பேசுகிறவன். எங்கள் பாட்டன்மார் நெய்ததை இரண்டு பக்கமும்தான் கட்டியிருப்பார்கள், எனக்கு எதுவானாலும் சரி என்று சிரித்தான்.

நாலாமவன் மட்டும் எந்தக் கட்சியிலும் சேரவில்லை. திருவாதவூர்க்காரன், வங்கியில் மேலாளர், நாலு பேரில் எனக்கு ரொம்ப நெருக்கம் அவன்தான். கடைசியில், "நீங்க வெளாடுங்க மாப்ள. நான் பாத்துக்கிட்டு இருக்கேன்" என்றான். எந்த விளையாட்டிலும் அவன் ஒதுங்கி உட்கார்ந்ததே கிடையாது.

மாடிப்படி இறங்கும்போது என்னடா என்று பிடித்துக்கொண்டேன். செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னான்.

"அந்தச் சண்டையில நான் எங்கிட்டு நிக்க?"

அவன் அப்பா காலத்தில்தான் அந்தக் குடும்பத்துக்குச் சொந்தமாக நிலம் என்று ஒன்று வந்தது. அதற்கு முன்னால் எல்லாரும் அடுத்தவர் வயலில் வேலை செய்தவர்கள். இத்தனை வருஷம் தெரிந்த விஷயம்தான். மேசையில் போர் விரிக்கிறபோது அது குறுக்கே வரும் என்று எனக்குத் தோன்றவேயில்லை.

அடுத்த ஞாயிறு அவன் வரவில்லை. அதற்கடுத்ததும் வரவில்லை. ஆடிட் என்றான். அவன் இல்லாத ஞாயிறு எனக்குப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான். ஒருத்தன் கழன்றால் மற்றவர்களும் மெல்லக் கழன்றுவிடுவார்கள் என்ற பயமும் வந்தது. போன் போட்டு, ரோமாபுரியே வைத்துக்கொள்வோம் என்று இறங்கி வந்தேன். "வேணாம், நம்மூர்ச் சண்டையே இருக்கட்டும். யோசிச்சுட்டு வாரேன்" என்று வைத்துவிட்டான்.

நான் பாடம் நடத்தும் கல்லூரியில் பொம்மை அச்சடிக்கிற த்ரீ-டி பிரிண்டர் ஒன்று இருக்கிறது. அனுமதி வாங்கி, வெறும் மனித உருவங்களாக அடித்து நாலு பங்காக்கினேன். தலைப்பாகையோ தொப்பியோ களிமண்ணில் வைத்து வண்ணம் பூசுவது அவரவர் பாடு. திருவாதவூர்க்காரன் பங்கையும் அனுப்பிவைத்தேன். திருப்பி அனுப்பாமல் வாங்கிக்கொண்டான். அதுவே எனக்குப் பாதி நிம்மதி.

அட்டையில் ஒரு கோட்டை வைத்து மேசையை நான் தயார் செய்தேன். வாடிப்பட்டிக்காரன் கோட்டையைச் சுற்றிப் பச்சை ஸ்பாஞ்சில் சீமைக்கருவேலம் ஒட்டினான். அந்தக் காலத்தில் சீமைக்கருவேலத்துக்கு எங்கே போவான், உடைமரம் வையடா என்று பிய்த்து எறிந்தேன். இரண்டும் அதே ஸ்பாஞ்சுதானே என்றான். இருக்கட்டுமே, பெயர் சரியாக இருக்கவேண்டாமா?

போர் நாளும் வந்தது. நாலு பேரும் வந்திருந்தோம். நான் என் டப்பாவைத் திறந்தேன். தலைப்பாகை, மீசை, வேல். வாடிப்பட்டிக்காரன் திறந்தான். தலைப்பாகை, வேல், என்னுடையதைவிடப் பெரிய மீசை. ஜவுளிக்கடைக்காரனுடையதிலும் தலைப்பாகைதான், சரிகைக்கரையோடு. கும்பினிக்கு ஒரு ஆள் கிடையாது. வேறு யாராவது செய்வார்கள் என்று எல்லாருமே இருந்திருக்கிறோம். மதுரையில் ஒருத்தனைப் பார்த்து, நீ வெள்ளைக்காரனாக இரு என்று எவன் சொல்வான்? வயிறு வலிக்கச் சிரித்தோம்.

சிரிப்பு அடங்கியதும், அப்படியானால் கும்பினி நாலாவது டப்பாவில்தான் இருக்கவேண்டும் என்றான் வாடிப்பட்டிக்காரன். நான் திருவாதவூர்க்காரனைப் பார்த்தேன். கடைசியில் எதிரி வேஷத்தை இவன் தலையிலா கட்டிவிட்டோம்?

அவன் நிதானமாகத் திறந்தான். தலைப்பாகையும் இல்லை, தொப்பியும் இல்லை. தலையில் மூட்டை வைத்த ஆட்கள், புல்லுக்கட்டு, மண்வெட்டி, தண்ணீர்ப்பானையோடு பெண்கள், பல்குத்தும் குச்சியில் செய்த மாட்டுவண்டிகள். ஒவ்வொன்றாக எடுத்து மேசையின் நடுவில் வைத்தான்.

"அம்புட்டுப் பேருக்கும் சோறு யாரு சொமந்தா? பீரங்கிய யாரு இழுத்தா? எங்க ஆளுக ரெண்டு பக்கமும் இருந்தாக மாப்ள. நான் நடுவுல நிக்கிறேன்."

விதியும் யோசித்து வைத்திருந்தான். அவன் வண்டி இல்லாமல் எந்தப் படையும் நகரக்கூடாது. வண்டி வேண்டுமென்றால் கேட்கவேண்டும். அவன் இல்லை என்றும் சொல்லலாம்.

அவன் விளையாட வந்துவிட்டான். சந்தோஷம்தான். பிளேடை எடுத்து என் படையின் மீசைகளைச் சுரண்ட ஆரம்பித்தேன். தலைப்பாகையைத் தட்டித் தொப்பியாக்கிச் சிவப்புப் பூசினேன். யார் கும்பினியாக இருந்தாலும் சரி, நான் இருக்கமாட்டேன் என்று இருந்தவன் நான். மூன்று பேரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். வேலையைப் பாருங்கடா என்றேன்.

போர் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் என் பீரங்கி உடைமரக் காட்டில் மாட்டிக்கொண்டது. பாளையக்காரர்கள் இரண்டு பேரும் கேட்டு வண்டி வாங்கிப் போய்விட்டார்கள். எனக்குப் பொறுமை ஏது? பழக்கதோஷத்தில் கையை நீட்டி ஒரு வண்டியை என் பக்கம் இழுத்தேன்.

அவன் என் மணிக்கட்டைப் பிடித்தான். "கைய எடு மாப்ள. கேளு."

கேட்டேன். இதற்குப் பெயர் கேட்பதா என்றான். மறுபடி, ஒழுங்காகக் கேட்டேன். டீயை எடுத்து ஒரு மடக்குக் குடித்தான். மாடுகளைப் பார்த்தான். யோசித்துச் சொல்கிறேன் என்றான்.

பொழுது சாயும்வரை யோசித்தான். பீரங்கி நின்ற இடத்திலேயே நின்றது, கோட்டை விழவில்லை, கும்பினி தோற்றது. நான் ஒரு பொம்மையைக்கூடக் கலைக்கவில்லை.

மற்ற இரண்டு பேரும் டப்பாக்களைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார்கள். அவன் தன்னுடையதை என் அலமாரியில் வைத்துக் கதவைச் சாத்தினான். எடுத்துப் போகவில்லையா என்று கேட்டேன்.

"எதுக்குத் தூக்கிட்டு அலையணும்? வாரா வாரம் வரத்தான போறேன்."